இயற்பியல், நுண்மின்னணுவியல் ஆய்வாளர்கள்: என்ன படித்தவர்கள், எதில் ஆர்வம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுக்குழுவில் சேர நினைக்கும் மாணவர்களும், ஆய்வாளர்களின் சுயகுறிப்பை வாசித்துக் குழம்பியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. நான் இயற்பியல் படித்துவிட்டு, டிரான்சிஸ்டர்களை (சில்லுக்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண்ணிய சுவிட்சுகள்) அளந்தே காலம் தள்ளுகிறவன். பதில்களில் அளவீட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுண்மின்னணுவியல் ஆய்வாளர் என்றால் மின்னணுப் பொறியியல் படித்தவர் என்றுதானே அர்த்தம்?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். சில்லுகளைப் பற்றிய இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்களின் படிப்பைப் பார்த்தாலே அந்த எண்ணம் போய்விடும்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டியவர்கள் ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டெய்னும். பிராட்டெய்ன் இயற்பியல்காரர், கையால் வேலை செய்து பழகியவர். பார்டீனின் பாதைதான் வேடிக்கையானது. இளநிலையும் முதுநிலையும் மின்பொறியியல். அப்புறம் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் புவி இயற்பியல் வேலை, அதாவது நிலத்தடியில் எண்ணெய் எங்கே கிடக்கிறது என்று கணக்குப் போடுவது. அதை விட்டுவிட்டு பிரின்ஸ்டனுக்குப் போய் 1936-ல் கணித இயற்பியலில் முனைவர் பட்டம். இவரை எந்தத் துறைக்காரர் என்பீர்கள்? இயற்பியல் நோபல் பரிசை 1956-லும் 1972-லும் இரண்டு முறை வாங்கியவர் அவர் ஒருவர்தான். முதலாவது டிரான்சிஸ்டருக்கு, இரண்டாவது மீக்கடத்துத்திறன் கோட்பாட்டுக்கு.

ஒருங்கிணைந்த சுற்றை, அதாவது சில்லை, 1958-ல் செய்து காட்டிய ஜாக் கில்பி அசல் மின்பொறியாளர். அடுத்த ஆண்டு அதையே ஒரே சிலிக்கான் தட்டில் உற்பத்தி செய்யக்கூடிய வடிவத்தில் யோசித்த ராபர்ட் நாய்ஸ் இயற்பியலில் முனைவர். சில்லில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கை எப்படிப் பெருகும் என்று 1965-ல் எழுதிய கோர்டன் மூர் வேதியியலில் முனைவர். இன்று உலகில் மனிதர் மிக அதிகமாகச் செய்யும் பொருள் என்றே சொல்லக்கூடிய மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை 1959-ல் உருவாக்கிய இருவரில் முகமது அட்டாலா இயந்திரப் பொறியாளர். கூட இருந்த டாவன் காங் இளநிலையில் இயற்பியலும் முனைவர் பட்டத்தில் மின்பொறியியலும் படித்தவர்.

இயந்திரப் பொறியாளருக்கும் வேதியியல்காரருக்கும் இங்கே என்ன வேலை?

நிறைய இருக்கிறது. சில்லு என்பது சுற்றுப் படமாக இருக்கும்வரை மின்னணுவியல். செய்யத் தொடங்கியதும் அது பொருள்களைப் பற்றிய பிரச்சினை ஆகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. சிலிக்கானை ஆக்சிஜன் நிறைந்த உலையில் 1000 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் மேலே கண்ணாடி போன்ற ஆக்சைடு வளரும். முதலில் வேகமாக, போகப்போக மெதுவாக. ஏன் மெதுவாகிறது? ஆக்சிஜன் ஏற்கெனவே வளர்ந்த ஆக்சைடைத் துளைத்துக்கொண்டு கீழே இருக்கும் சிலிக்கானைத் தொட வேண்டும். அடுக்கு தடிக்கத் தடிக்கப் பயணம் நீள்கிறது. இதைச் சமன்பாடாக்கி 1965-ல் வெளியிட்டவர்கள் புரூஸ் டீலும் ஆண்ட்ரூ குரோவும். டீல் வேதியியல்காரர். குரோவ் வேதிப் பொறியாளர். அவருடைய முனைவர் ஆய்வு உருளையைச் சுற்றிப் பாயும் திரவத்தைப் பற்றியது. திரவ ஓட்டம் படித்தவருக்கு ஆக்சைடுக்குள் நடக்கும் விரவல் அந்நியமாக இருந்திருக்காது. இன்றும் தூய்மை அறைக்குப் புதிதாக வரும் மாணவர் முதலில் போடும் கணக்கு அந்தச் சமன்பாடுதான்.

அந்த ஆக்சைடை நேரில் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அதன் தடிமனை நிறமே சொல்லிவிடும். சாம்பல் நிறக் கண்ணாடி மாதிரி உலைக்குள் போன தட்டு, 300 நானோமீட்டர் ஆக்சைடோடு வெளியே வரும்போது நீலம் கலந்த ஊதாவாக மின்னும். சோப்புக் குமிழியில் தெரியும் வண்ணத்தின் அதே கதை. இரண்டு ஓரங்களில் நிறம் வேறுபட்டால் உலையில் வெப்பம் சீராக இல்லை என்று புரிந்துகொள்வோம். கருவி எடுத்து அளப்பது அதற்குப் பிறகு.

சுயகுறிப்பில் "ஆய்வு ஆர்வங்கள்" என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதை எப்படி வாசிப்பது?

நான் பின்பகுதியிலிருந்து வாசிப்பேன். நானே கற்பனையாக ஒன்று எழுதுகிறேன்:

"இயற்பியலில் முதுநிலை. குறைகடத்தி-மின்காப்பு இடைமுகக் குறைபாடுகள் பற்றி முனைவர் பட்டம். ஆர்வங்கள்: குறைந்த வெப்பநிலை அளவீடு, ஃப்ளிக்கர் இரைச்சல், கதிர்வீச்சைத் தாங்கும் சிமாஸ் சுற்றுகள், இயந்திரக் கற்றல்."

சிமாஸ் என்பது மாஸ்ஃபெட்டுகளால் ஆன சுற்றுவகை. இதில் "இடைமுகக் குறைபாடுகள்" என்பதுதான் ஆணிவேர். சிலிக்கானும் ஆக்சைடும் சந்திக்கும் இடத்தில் சில அணுக்களுக்குப் பிணைப்புத் துணை கிடைக்காமல் போகும். அந்த இடங்கள் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொண்டு, நினைத்தபோது விடும். அந்தப் பிடித்தலும் விடுதலும்தான் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கி, ஃப்ளிக்கர் இரைச்சலாகக் கேட்கிறது. கதிர்வீச்சு பட்டால் அதே இடத்தில் புதிய குறைபாடுகள் தோன்றும், மேலே உள்ள ஆக்சைடில் நேர்மின்னூட்டமும் சிக்கிக்கொள்ளும். வெப்பநிலையைக் குறைத்தால் ஒவ்வொரு குறைபாட்டையும் தனித்தனியாகப் பார்க்க வாய்ப்பு கிடைக்கும். ஆக, நான்கு ஆர்வங்களில் மூன்று ஒரே மரத்தின் கிளைகள். இவர் ஒரே கேள்வியைப் பல பக்கத்திலிருந்து துரத்துகிறவர்.

நான்காவது? இயந்திரக் கற்றல் இப்போது எல்லாருடைய பட்டியலிலும் இருக்கிறது. உண்மையான ஆர்வமாகவும் இருக்கலாம், நிதி விண்ணப்பத்துக்காகச் சேர்த்ததாகவும் இருக்கலாம். கடைசி மூன்று கட்டுரைகளைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

பத்து ஆர்வங்கள் இருந்து அவற்றுக்குள் எந்த உறவும் தெரியாவிட்டால், அது பெரிய குழுவின் தலைவருடைய பட்டியல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது அவருடைய மாணவர்களின் ஆர்வங்கள்.

இயற்பியல்காரருக்கும் பொறியாளருக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

ஒரே டிரான்சிஸ்டரை இருவரிடமும் கொடுத்துப் பாருங்கள். "இதை எவ்வளவு வேகமாக, எவ்வளவு குறைந்த மின்திறனில் ஓட்டலாம்?" என்று பொறியாளர் கேட்பார். "உள்ளே எலெக்ட்ரான் என்ன செய்கிறது?" என்று இயற்பியல்காரர் கேட்பார். இதற்கு மேல் சுவர் எழுப்பினால் அது நிற்காது. அதற்குச் சாட்சி இயற்பியல்காரர் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங்.

அவர் முனைவர் பட்டம் வாங்கியது டெல்லூரியம் என்ற பொருளைக் காந்தப்புலத்தில் அளந்து. பிறகு சிலிக்கான் மாஸ்ஃபெட் பக்கம் வந்தார். மாஸ்ஃபெட்டில் எலெக்ட்ரான்கள் ஆக்சைடுக்குக் கீழே ஒரு மெல்லிய படலத்தில் மட்டும் ஓடும். பக்கவாட்டில் நகரலாம், மேலும் கீழும் முடியாது. தொழிலுக்காகச் செய்த சாதனம், இரு பரிமாண இயற்பியலுக்குக் கிடைத்த இலவச ஆய்வுக்கூடம்! 1980 பிப்ரவரியில் ஓர் இரவு, கிரெனோபிளில் இருக்கும் உயர் காந்தப்புல ஆய்வகத்தில், அப்படிப்பட்ட ஒரு மாதிரியைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்து அளந்துகொண்டிருந்தார். ஹால் மின்தடை (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது) வழுவழுப்பாக மாறாமல் படிப்படியாக மாறியது. ஒவ்வொரு படியின் மதிப்பும் 25,812.807 ஓம் என்ற எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்தால் கிடைப்பது. மாதிரியின் அளவு, அதில் உள்ள அழுக்கு எதுவும் அந்த எண்ணைத் தொடவில்லை. பிளாங்க் மாறிலியும் எலெக்ட்ரானின் மின்னூட்டமும் மட்டும்தான் அதில் இருந்தன. 1985-ல் நோபல் பரிசு. இன்று உலகம் முழுக்க மின்தடையின் அளவுத்தரம் இந்த விளைவைக் கொண்டே நிறுவப்படுகிறது.

அந்த மாதிரிகளைச் செய்து கொடுத்தது ஒரு நிறுவனத்தின் ஆய்வகம். நல்ல ஆக்சைடை வளர்க்கத் தெரிந்த பொறியாளர்கள் இல்லையென்றால் அந்தப் படிகள் அந்த இரவில் தெரிந்திருக்காது.

முனைவர் பட்டத் தலைப்புக்கும் பிற்பாடு செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இருக்குமா?

தலைப்போடு சம்பந்தம் குறைவு, பழகிய முறையோடு அதிகம். டிரான்சிஸ்டருக்கான நோபல் பரிசைப் பார்டீன், பிராட்டெய்னோடு பகிர்ந்துகொண்ட வில்லியம் ஷாக்லியின் 1936-ஆம் ஆண்டு முனைவர் ஆய்வு சோடியம் குளோரைடில் எலெக்ட்ரான் ஆற்றல் பட்டைகளை (திண்மத்துக்குள் எலெக்ட்ரான்கள் எந்தெந்த ஆற்றலில் இருக்கலாம் என்பதை) பற்றியது. சாதாரண உப்புதான். ஆனால் ஆற்றல் பட்டைகளைக் கணக்கிடப் பழகியவருக்கு உப்பிலிருந்து, முதல் டிரான்சிஸ்டர் செய்யப்பட்ட ஜெர்மானியத்துக்கு வருவது பெரிய தூரமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நீல ஒளி எல்இடியில் பெயர் பெற்ற ஷுஜி நகமுரா முதுநிலைப் பட்டத்தோடு நிறுவன வேலைக்குப் போனவர். பிரகாசமான நீல எல்இடி 1993-ல் வந்தது. முனைவர் பட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான்.

கோட்பாட்டாளர், சோதனையாளர் என்று பிரிப்பது இங்கேயும் உண்டா?

உண்டு. ஆனால் நடுவில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருக்கிறது: கணினியில் சாதனத்தைக் கட்டிப் பார்ப்பவர்கள். அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டை வைத்து அணு மட்டத்தில் கணக்கிடுபவர் ஒரு முனை. ஒரே ஒரு இடைமுகத்தின் சில நூறு அணுக்களுக்கே அவருடைய கணினி நாள்கணக்கில் ஓடும். மறுமுனையில் ஸ்பைஸ் மென்பொருளில் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களை ஓட்டும் சுற்று வடிவமைப்பாளர். ஸ்பைஸ் 1973-ல் பெர்க்லியில் பிறந்தது, அதன் வழித்தோன்றல்கள் இன்னும் எல்லா இடத்திலும் ஓடுகின்றன. அணுவையும் சுற்றையும் இணைக்க இடையில் ஒருவர் "மாடல்" எழுத வேண்டும். டிரான்சிஸ்டரின் இயற்பியலைச் சுருக்கி, கணினி நொடியில் போடக்கூடிய சமன்பாடாகத் தருவது அவர் வேலை. வெளியில் அதிகம் தெரியாத வேலை, ஆனால் அது பிசகினால் சில்லே வேலை செய்யாது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் போதிய மரியாதை கிடைக்காதவர்கள் இவர்கள்தான்.

துகள் இயற்பியல் ஆய்வாளரின் சுயகுறிப்பில் சில்லு வடிவமைப்பு ஏன் வருகிறது?

துகள் மோதலைப் படம் பிடிக்கும் கேமராவைக் கடையில் வாங்க முடியாது என்பதால். மோதும் இடத்துக்கு மிக அருகில் வைக்கும் உணரிகள் எல்லாம் சிலிக்கான். சில்லு செய்யும் தளமுறைத் தொழில்நுட்பத்தை 1980-ல் துகள் உணரிகளுக்குக் கொண்டுவந்தவர் ஜோசஃப் கெம்மர். அவரும் வேதியியல் பக்கத்திலிருந்து வந்தவர்தான், கதிரியக்க வேதியியல். இன்று செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனையில் உள்ள உள் தடங்காணியில் சுமார் 1250 கோடி பிக்சல்கள் இருக்கின்றன. உணரியும் அதைப் படிக்கும் சுற்றும் ஒரே சில்லில்.

இதில் சுவையான ஒரு திருப்பம். கதிர்வீச்சு ஆக்சைடில் மின்னூட்டத்தைச் சிக்கவைத்து டிரான்சிஸ்டரைக் கெடுக்கும் என்று மேலே சொன்னேன். தொழில்துறை வேகத்துக்காக, கேட் (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் மின்முனை) அடியில் இருக்கும் ஆக்சைடைச் சில நானோமீட்டருக்கு மெலிதாக்கியது. அவ்வளவு மெல்லிய அடுக்கில் சிக்கிய மின்னூட்டம் குவாண்டம் சுரங்கமாய் நழுவி வெளியேறிவிடுகிறது. துகள் இயற்பியல்காரர்கள் கேட்காமலே கிடைத்த வரம். ஆனால் ஓரங்களில் இருக்கும் தடித்த ஆக்சைடுகள் அப்படியே இருந்தன. அங்கே கசிவு வரும். அதைத் தடுக்கத்தான் டிரான்சிஸ்டரின் கேட்டை வளையமாக வரைந்தார்கள். சுயகுறிப்பில் "மூடிய வடிவ டிரான்சிஸ்டர்" என்ற சொல்லைப் பார்த்தால் அந்த ஆள் கதிர்வீச்சோடு மல்லுக்கட்டியவர் என்று புரிந்துகொள்ளலாம்.

தினசரி வேலை எப்படி இருக்கும்?

கண்டுபிடிப்பு நேரம் குறைவு, "ஏன் இப்படி வருகிறது?" நேரம் அதிகம்.

என் சொந்தக் கதை ஒன்று. ஆய்வு தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு டயோடின் கசிவு மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். வர வேண்டியதைவிட ஆயிரம் மடங்கு அதிகமாக வந்தது. காலையில் அதிகம், இரவில் குறைவு என்று ஓர் ஒழுங்கு வேறு. ஈரப்பதமா, தட்டின் குறைபாடா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, நான்கு பக்கத்துக்கு விளக்கமும் எழுதிவிட்டேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஊசியால் சாதனத்தைத் தொட்டு அளக்கும் ப்ரோப் ஸ்டேஷனின் நுண்ணோக்கி விளக்கை அணைத்து, கருப்புத் துணியை மேலே போட்டார். திரையில் இருந்த கோடு தொப்பென்று கீழே விழுந்தது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது ஓர் எலெக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கத் தேவையான ஆற்றல், 1.12 எலெக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள் எதற்கும் அதைவிட அதிக ஆற்றல் உண்டு. நான் ஒரு வாரமாகச் சூரிய மின்கலத்தை அளந்திருக்கிறேன். பகலில் நானே விளக்கைப் போட்டு ஊசியை வைத்துவிட்டு அணைக்க மறந்திருக்கிறேன், இரவில் வேறு யாரோ அணைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அந்த 1.12-ஐ எத்தனையோ முறை படித்திருக்கிறேன், மனதில் ஏறியது அன்றைக்குத்தான்.

கட்டுரைப் பட்டியலில் பெயர் வரிசையை எப்படிப் புரிந்துகொள்வது?

துறைக்குத் துறை மாறும், இங்கே ஏமாறுவது எளிது. சாதன ஆய்விலும் பொருள் இயற்பியலிலும் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் பெரும்பாலும் வழிகாட்டி. பெரிய துகள் சோதனைகளில் அகரவரிசை. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி இரண்டு சோதனைகள் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட கட்டுரையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். அதில் ஒருவர் சில்லை வடிவமைத்தாரா, தரவை அலசினாரா என்று பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று: சுற்று வடிவமைப்பாளர்களுக்கு ஐஎஸ்எஸ்சிசி, சாதன ஆய்வாளர்களுக்கு ஐஇடிஎம் போன்ற மாநாடுகளில் வரும் கட்டுரைதான் பெருமை. இயற்பியல்காரர்கள் மாநாட்டுக் கட்டுரையைப் பெரிதாக மதிப்பதில்லை, அவர்களுக்கு இதழ்தான் எல்லாம். ஒருவரின் அளவுகோலால் இன்னொருவரை அளந்து "கட்டுரையே இல்லையே" என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது எதில் ஆர்வம் அதிகம்?

ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்த பல வேலைகளுக்கு அடியில் ஓர் எண் இருக்கிறது: 60 மில்லிவோல்ட். அறை வெப்பநிலையில் சாதாரண டிரான்சிஸ்டரை அணைக்கும்போது, மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைய கேட் மின்னழுத்தத்தைக் குறைந்தது அவ்வளவு மாற்றியே ஆக வேண்டும். வெப்பத்தால் எலெக்ட்ரான்களின் ஆற்றல் பரவிக் கிடக்கிறதே, அதன் விளைவு. எவ்வளவு கெட்டிக்கார வடிவமைப்பாளரும் இதைத் தாண்ட முடியாது. ஆகவே இயங்கு மின்னழுத்தத்தைக் குறைக்க வழியில்லாமல், மின்திறன் பிரச்சினை நிற்கிறது.

சிலர் வேறு விதிப்படி ஓடும் டிரான்சிஸ்டரைத் தேடுகிறார்கள்: எலெக்ட்ரான் தடையைத் தாண்டாமல் சுரங்கமாய்ப் போகும் வகை. சிலர் கேட்டைச் சேனலின் (மின்னோட்டம் ஓடும் பாதை) நான்கு பக்கமும் சுற்றுகிறார்கள். இந்த வகை ஏற்கெனவே உற்பத்திக்கு வந்துவிட்டது. சிலர் மாலிப்டினம் டைசல்ஃபைடு போல மூன்றணுத் தடிமனே உள்ள பொருள்களில் முயல்கிறார்கள். இன்னும் சிலர் வெப்பநிலையையே குறைக்கிறார்கள்: குவாண்டம் கணினியின் கியூபிட்டுகளை (அதன் அடிப்படைத் தகவல் அலகுகள்) இயக்கும் சிமாஸ் சுற்றை நான்கு கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், வைப்பது. அங்கே டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தம் ஏறிவிடும், பழைய மாடல்கள் பொய்க்கும், எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை வந்தது.

கணிதம் எவ்வளவு வேண்டும்?

நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, புள்ளியியல். கடைசியை யாரும் போதிய அளவு படிப்பதில்லை.

இயற்பியல் முதுநிலை முடித்தவர் சில்லு வடிவமைப்புக்குப் போக முடியுமா?

முடியும், ஆனால் சும்மா வராது. இயற்பியல் பட்டத்தில் டிரான்சிஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக் கொடுப்பார்கள். பத்து டிரான்சிஸ்டரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பதில்லை. பின்னூட்டம், நிலைத்தன்மை, அடுக்குப் பெருக்கி, பிறகு லேஅவுட் (சில்லில் எந்த உறுப்பு எங்கே என்ற படம்) வரைவது எல்லாம் தனியாகக் கற்க வேண்டும். முன்பெல்லாம் இதற்குத் தேவையான தொழிற்சாலைக் கோப்புகள் ரகசிய ஒப்பந்தத்துக்குள் பூட்டிக் கிடந்தன. 2020-ல் கூகுளும் சில்லு உற்பத்தி நிறுவனமான ஸ்கைவாட்டரும் சேர்ந்து 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கான வடிவமைப்புக் கோப்புகளைத் திறந்த மூலமாக வெளியிட்டன. வீட்டில் உட்கார்ந்து முழு வடிவமைப்பையும் போட்டுப் பார்க்கலாம்.

எதிர்த்திசையில் போவது இன்னும் கடினம் என்பது என் கணிப்பு. பொறியியல் படித்தவர் குவாண்டம் இயக்கவியலைப் பின்னால் கற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் "இது தெரியாமலும் சுற்று ஓடுகிறதே" என்ற நினைப்பு அவர்களை இடையில் நிறுத்திவிடும்.

ஒரு குழுவில் சேருமுன் அந்த ஆய்வாளரிடம் என்ன கேட்பது?

"உங்கள் ஆய்வு ஆர்வம் என்ன?" என்று கேட்காதீர்கள், அது பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கடைசியாக எந்த அளவீடு எதிர்பார்த்தபடி வரவில்லை என்று கேளுங்கள். நல்ல ஆய்வாளர் உடனே வெள்ளைப் பலகைப் பக்கம் எழுந்து போவார். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.